அழிக்க அழிக்க வரும் மெயில்

செப்டம்பர் 29, திங்கள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் டவுன் ஆபீசில் சர்வர் ரூம் என்று ஓர் அறை உண்டு. தூத்துக்குடியே வேர்த்து ஊற்றும்போது அந்த ஒரு அறைக்கு மட்டும் ராப்பகலாக ஏசி. மனுசனுக்கு இல்லை, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு. காலையில் வாங்கும் மீனை நான் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் வைப்பேன். ஐஸ் செலவு மிச்சம். போன வாரம் ஒரு பொட்டலம் சாளையை மறந்து விட்டுவிட்டேன். ஆபீசே நாறியது. கம்ப்யூட்டர் பார்க்கிற ஷெல்டனின் சாக்ஸ்தான் காரணம் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, கலியாணம் ஆகப்போற பிள்ள, காலக் கழுவிட்டு வரப்படாதா" என்றேன். பாவம், அன்றைக்கே புது சாக்ஸ் வாங்கினான்.

கம்பெனி கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது என்று எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணினால் டைரிதான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

என் வேலை இது. கம்பெனிக்குக் கப்பல் சரக்கு இறக்கி ஏற்றுகிற தொழில். காலையில் பைபாஸ் பக்கம் இருக்கும் கண்டெய்னர் யார்டைத் திறந்து, பெருக்கி, மெஷினெல்லாம் போட்டுவிட்டு டவுன் ஆபீசுக்குப் போய் டீ கொடுப்பேன். சாயந்திரம் திரும்ப யார்டுக்கு வந்து பூட்டுவேன்.

இன்றைக்கு யார்டில் கிரேன் பக்கம் தரையைக் கழுவச் சொன்னான் வண்டிமலை. சம்பள ரிஜிஸ்தரில் அவன் சூப்பர்வைசர். மற்றபடி முதலாளி தவசிமுத்து யாரை அடிக்கச் சொல்கிறாரோ அவரை அடிப்பான். கையில் எப்போதும் கண்டெய்னர் கதவு நெம்புகிற கடப்பாரை.

"கிரீஸ் கொட்டிட்டுக்கா" என்றான்.

கிரீஸ் சிவப்பாக இருந்தது. வாளி வாளியாக ஊற்றியும் சிமெண்டு விரிசலை விட்டுப் போகவில்லை. நடுவில் ஒரு பல் கிடந்தது. கிரீஸுக்குப் பல் முளைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

யார்டு கிளார்க் ஜேசுபாதம் சனிக்கிழமை கண்டெய்னர் மேலிருந்து விழுந்து செத்துப்போனானாம். அவனுக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும். மேலே இருக்கிற ஃபைலை நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கிரேன், லாரி, தராசு, யார்டில் மேசைக்குக் கீழே இருக்கும் சர்வர் பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வண்டிமலை தன் கடப்பாரையைக் கொண்டுவந்து சூடத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதற்கும் பொட்டு வைத்தேன். ஆயுத பூஜைக்கு உண்மையாகவே ஆயுதம் வைத்தது அவன் ஒருத்தன்தான்.

சாயந்திரம் ஒரே இடி. போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு டிவி இடியில் வெடித்ததிலிருந்து எங்கள் தெருவில் யாரும் பிளக்கை மாட்டி வைப்பதில்லை. யார்டிலும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பூட்டினேன். மழை முடிகிறவரை தினமும் இப்படியே செய்யவேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஜேசுபாதம் பெண்டாட்டி மோட்சராக்கினி யார்டு கேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "எம் மாப்பிள்ள விழல. அடிச்சிக் கொன்னுட்டாவ" என்று போகிற வருகிற லாரிக்காரர்களிடம் எல்லாம் சொன்னாள். சனிக்கிழமை அவளுக்குப் போன் பண்ணினானாம். கண்டெய்னர் சீலை உடைத்து இருட்டில் யாரோ முந்திரி மூட்டை இறக்குகிறார்கள், போட்டோ எடுத்து ஆபீஸ் மெயிலில் போட்டுவிட்டேன், திங்கள்கிழமை பார்ப்பார்கள் என்றானாம். அப்புறம் போன் எடுக்கவில்லை.

வண்டிமலை வந்தான். அவள் கொண்டையைக் கையில் சுற்றிக்கொண்டு ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். தாலி அறுத்து ஒரு வாரம் ஆகாத பொம்பளை. முட்டி இரண்டும் ஜல்லியில் உரிந்துவிட்டது. லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அப்போதுதான் டயரில் காற்று பார்க்கத் தோன்றியது. நான் டீ கிளாஸைக் கழுவினேன். கழுவினதையே கழுவினேன்.

பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பல்லைக் கொடுத்தேன். கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "மேப்பல்லு. லேசா கோணலா இருக்கும்" என்றாள். நேரே கோர்ட்டுக்கு வக்கீல் பார்க்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

முதலாளி ஷெல்டனைக் கூப்பிட்டார். நான் டீ கொண்டுபோனேன். அந்த மெயிலைத் திறந்து வைத்திருந்தார்கள். போட்டோவில் முதலாளி இருந்தார், வண்டிமலை இருந்தான், முந்திரி மூட்டை இருந்தது. வண்டிமலை வாயைப் பிளந்துகொண்டு கேமராவைப் பார்க்கிறான். "ஆதார் கார்டுல இதவிட மோசமா இருப்ப" என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இத அழி" என்றார் முதலாளி.

"அழிச்சிருதேன் சார்" என்றான் ஷெல்டன். ஜேசுபாதமும் அவனும் ஒரே டிபனில் சாப்பிடுகிறவர்கள். அழித்தான்.

வெளியே வந்து வாந்தி எடுத்தான். நான் கழுவிவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மெயில் திரும்பி வந்துவிட்டது.

காலையில் முதலாளி திறந்தால், அதே இடத்தில் அதே மெயில். வண்டிமலை அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு.

"ஏல, காப்பி எடுத்து வச்சிக்கிட்டு திரும்பப் போடுதியா" என்று கேட்டார் முதலாளி. ஷெல்டன் மாதாமேல் சத்தியம் பண்ணினான். வண்டிமலை அந்த அறையிலிருந்த நீல நிற ஒயர்ச் சுருளை எடுத்து, நாலாக மடக்கி, அவன் முதுகில் இழுத்தான். சட்டை வரிவரியாகக் கிழிந்தது. ஒயர் நுனியில் பிளாஸ்டிக் மூக்கு இருக்கும் அல்லவா, அது ஒவ்வொரு அடிக்கும் ஒரு துணுக்குத் தோலைக் கொத்திக்கொண்டு வந்தது. சர்வர் ரூம் கதவைச் சாத்திவிட்டார்கள். ஏசி அறைக்குள்ளிருந்து சத்தம் வெளியே வராது. நான் உள்ளே இருந்தேன், டீத் தட்டோடு. என்னைப் போகச்சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஷெல்டன் திரும்ப அழித்தான். எதனால் திரும்புகிறது என்று சாயந்திரம் வரை தேடினான். பெட்டியைத் திறந்து மூடினான், ஒயரை மாற்றினான். முதுகைச் சாய்க்க முடியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "என்ன மெக்கானிக், முட்ட மேல உக்காந்த கோழி மாதிரி" என்றேன். சிரித்தான். சிரித்ததும் வலித்தது.

அக்டோபர் 8, புதன்

மெயில் வந்துவிட்டது. ஷெல்டனுக்கு உதடு கிழிந்தது. டீக்கு ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் யார்டைத் திறந்து பிளக்கையெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தேன். வண்டிமலை ஷெல்டனைப் பிடரியில் பிடித்துக் கூட்டிவந்தான். டவுன் பெட்டிக்கு வரும் மெயில் எல்லாவற்றுக்கும் இங்கே இருக்கும் பெட்டியில் ஒரு நகல் சேருமாம். கோளாறு இங்கே இருக்குமோ என்று பார்க்க வந்திருக்கிறான்.

டிவி மாதிரி இருப்பதைப் போட்டுப் பார்த்தான். அதில் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் கையைப் பார்த்தான். கடைசி பிளக் இன்னும் என் கையில் இருந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலம் இத ஆஃப் பண்ணுனீங்களோ?"

"பின்ன? இடி விழுந்தா உங்க முதலாளி வாங்கித் தருவாரா?"

"தினமுமா?"

"ஆயுத பூஜையில இருந்து."

வண்டிமலை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு, "என்னல, கண்டுபிடிச்சியா" என்றான்.

ஷெல்டன் டிவியை அணைத்தான். "இங்கன ஒண்ணுமில்லண்ணே. லைன் கோளாறு. டவுன்ல இருந்தே பாக்கணும்" என்றான்.

அந்தப் பதிலுக்கு அங்கேயே வயிற்றில் ஒரு மிதி விழுந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போகும்போது என்னிடம், "அக்கா, தினமும் மறக்காமப் பிடுங்கிருங்க. இடி காலம்" என்றான்.

நல்ல பையன். மிதி வாங்கின நேரத்திலும் கம்பெனிச் சாமான் மேல் எவ்வளவு அக்கறை.

அக்டோபர் 13, திங்கள்

கோர்ட்டிலிருந்து தபால் வந்தது. 22ஆம் தேதி ஓர் ஆள் வந்து மெயிலையெல்லாம் நகல் எடுப்பாராம். மோட்சராக்கினியின் வக்கீல் கெட்டிக்காரர்.

முதலாளி தபாலைப் படித்துவிட்டு வண்டிமலையைப் பார்த்தார். அவ்வளவுதான். பெட்டி வைத்திருக்கிற இரும்பு அலமாரிக் கதவு இடுக்கில் ஷெல்டனின் வலது கை நடுவிரலை வைத்து, காலால் கதவை உதைத்துச் சாத்தினான். பச்சை முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். திறந்தான். விரல் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. "எந்தக் கையால திரும்பப் போடுத? இந்தக் கையா, அந்தக் கையா?" என்று இன்னொரு விரலைத் தேடினான்.

"லேய் வண்டி, எல்லா விரலையும் ஒடிச்சிட்டா எதை வச்சுல அழிப்பான்? நீயா அழிப்ப?" என்றேன்.

யோசித்தான். அவன் யோசிப்பது பார்க்கவே பாவமாக இருக்கும். முதலாளி, "அவ சொல்லுதது சரிதான்" என்றார். ஒரு விரலோடு விட்டார்கள். சூடான டீயை என் முழங்கையில் ஊற்றிவிட்டு, "வாய் ரொம்ப நீளுது" என்றான் வண்டிமலை. புண் கொப்பளித்திருக்கிறது. டீ நான் போட்டதுதான், ஏலக்காய் மணம் இன்னும் வருகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஷெல்டன் வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுபோனேன். அவன் அம்மாவிடம் பைக்கில் இருந்து விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறான். இந்தக் கம்பெனியில் எல்லாரும் எங்கிருந்தாவது விழுகிறார்கள்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் கேட்டேன். "அந்த மெயில் ஏன் திரும்பத் திரும்ப வருது? பேயா?"

"பேயில்லக்கா. ரெண்டு பெட்டியும் காலையில ஒருக்கா ஒண்ணையொண்ணு ஒப்பிட்டுப் பாக்கும். கடைசியா என்னைக்கு ஒப்பிட்டோம், அதுக்கப்புறம் என்ன புதுசா வந்திருக்குன்னு பாத்து, புதுசக் கொடுத்துக்கிடும். பழசு ஒரு பக்கம் இல்லேன்னா, அழிச்சிட்டாவ போலன்னு இன்னொரு பக்கமும் அழிச்சிரும்."

"சரி."

"யார்டு பெட்டிக்குள்ள தேதி ஞாபகம் வச்சிக்கிடுத சின்ன பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் இருக்க வரைக்கும் தேதி சரியா ஓடும். பிளக்கப் பிடுங்கினா, காலையில முழிக்கும்போது பத்து இருபது வருசம் பின்னால போய் நிக்கும். அப்புறம் நெட்டுல கேட்டு சரி பண்ணிக்கிடும். ஆனா முழிச்ச உடனே முதல் வேலையா ஒப்பிட்டுருது. அந்த நேரத்துல அதுக்கு ஜேசுபாதம் அனுப்புன மெயில் புதுசிலயும் புதுசு. டவுனுக்கு இன்னும் வரல போலன்னு அனுப்பி வச்சிருது."

"பிடுங்காம விட்டா?"

"மறுநாள் ரெண்டு பக்கமும் போயிரும். ஒரே நாள் போதும்."

"அந்த பேட்டரி ரொம்ப விலையோ?"

"வாட்ச் கடையிலயே கிடைக்கும்க்கா."

"மாத்திர வேண்டியதுதான?"

"மாத்திரலாம்க்கா" என்றான். சூப்பைக் குடித்தான். இடது கையால் குடித்ததால் பாதி சட்டையில் வடிந்தது. துடைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனால் இடி எப்போது வரும் என்று யார் கண்டது. பிடுங்கினேன்.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். பிடுங்கினேன். இடிக்குப் பயந்துதான் பிடுங்குகிறேன் என்று இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே இடி என்றால் பயம்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் மெயில் வந்திருந்தது. வண்டிமலை உள்ளங்கையைக் குவித்து ஷெல்டனின் இடது காதில் அறைந்தான். திரும்பத் திரும்ப, அதே காதில். காதிலிருந்து ரத்தம் இறங்கிக் காலரில் ஊறியது. ஷெல்டன் ஒரு பக்கமாகச் சரிந்து, எழ முயன்று, மறுபடி அதே பக்கமாகச் சரிந்தான். தரைதான் சாய்ந்திருக்கிறது என்பது போல அதைத் தடவிப் பார்த்தான். அப்போதும் சொல்லவில்லை. "லைன் கோளாறுண்ணே" என்றான். அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். நான்தான் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கேலி பண்ணவேண்டும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

சாயந்திரம் யார்டைப் பூட்டும்போது சர்வர் பிளக்கைப் பிடுங்கவில்லை. செத்தவன் செத்தாச்சு, இருக்கிறவன் இருக்கட்டும். அவனுக்கு ஜனவரியில் கலியாணம். ஒரே நாள் போதும் என்றானே. பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் போன் வந்தது. ஷெல்டன்.

"அக்கா, இந்தக் காதுல கேக்கல, அந்தக் காதுல வச்சிப் பேசுதேன். யார்டுல இடி இடிக்குதா?"

"இல்ல தம்பி. வானம் தொடச்சி வச்ச மாதிரி இருக்கு."

"இடிக்கும்க்கா" என்றான்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். கண்டக்டர், "ஏறி உக்காரலியே, அதுக்குள்ள எறங்குத" என்றான். "உன் மூஞ்சி பிடிக்கல" என்றேன். திரும்பி நடந்தேன். ஆயாசமாக இருந்தது. கேட்டில் மோட்சராக்கினி மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாள். எங்கே போறீங்கக்கா என்று கேட்டாள். குடையை மறந்துவிட்டேன் என்றேன். என்னிடம் குடையே கிடையாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் முதலாளி இனிப்பு கொடுத்துவிட்டிருந்தார். வண்டிமலைதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். "கை எப்படியிருக்குக்கா?" என்று உண்மையாகவே கேட்டான். இனிப்பு நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 21, செவ்வாய்

மெயிலை அழிக்க முடியாது என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குக் கோர்ட்டு ஆள் வருகிறார். அதனால் இரண்டு பெட்டியையும் உடைத்துக் கொளுத்திவிட்டு, தீபாவளி ராக்கெட் விழுந்தது என்று சொல்லிவிடலாம் என்று ஏற்பாடு.

டவுன் பெட்டியை மத்தியானம் முடித்துவிட்டார்கள். அலமாரியோடு சாய்த்து, கடப்பாரையால் குத்திக் குத்தி, மண்ணெண்ணெய் ஊற்றி. சர்வர் ரூம் ஏசியும் எரிந்தது. மீனுக்கு இனி வேறு இடம் பார்க்கவேண்டும்.

அப்புறம் யார்டு. நான் பூட்டுகிற நேரம் பார்த்து வண்டிமலை கடப்பாரையும் கேனுமாக வந்தான். வழியில் கேட்டில் இருந்த மோட்சராக்கினியைக் காலால் எற்றித் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவள் மண்டை கேட் கம்பியில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஷெல்டன் அன்றைக்குப் பார்த்த டிவியில் முதல் அடி. கண்ணாடி சிதறி என் கன்னத்தில் கீறியது. "முடிஞ்சிதா?" என்று என்னிடம் கேட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "முடிஞ்சிது" என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேனைத் திறந்துகொண்டிருந்தான். ஊற்றிக் கொளுத்தினால் மேசையும் மேசைக்குக் கீழே இருப்பதும் சேர்ந்து போய்விடும்.

"அது வெறும் டிவில, கூமுட்ட. மெயிலெல்லாம் இருக்குத பெட்டி அந்தா இருக்கு, உறுமிக்கிட்டு" என்று மூலையில் இருக்கும் யூபிஎஸ்ஸைக் காட்டினேன். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரிப் பெட்டி. ஆள் உயரம். பொட்டும் வைத்திருந்தேன். மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டி குட்டியாக, சத்தமில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

கேனைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் கடப்பாரையை ஓங்கி யூபிஎஸ்ஸின் வயிற்றில் குத்தினான்.

நீலமாக ஒரு வெளிச்சம். வண்டிமலை பின்னால் பறந்து பீரோவில் மோதி விழுந்தான். இரண்டு உள்ளங்கையும் கருகி, தோல் கடப்பாரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி ஆசிட் தொடையில் கொட்டி, வேட்டி புகைந்தது. அலறினான். நான் தரை கழுவுகிற வாளியைத் தூக்கி அவன் மேல் ஊற்றினேன். கையில் அடுத்த வாளியும் இருந்தது. கடப்பாரையும் பக்கத்தில்தான் கிடந்தது, நான் வைத்த குங்குமத்தோடு. ஜேசுபாதத்தின் பல் ஞாபகம் வந்தது. கடப்பாரையை எடுத்தேன். நல்ல கனம்.

"அக்கா, தண்ணி" என்றான்.

கடப்பாரையை வெளியே கிணற்றில் போட்டுவிட்டு வந்து, இரண்டாவது வாளியையும் ஊற்றினேன். மோட்சராக்கினி நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். அவளும் அவனைத் தொடவில்லை.

போகும்போது வழக்கம்போல எல்லா பிளக்கையும் பிடுங்கினேன்.

அக்டோபர் 22, புதன்

மழை. கோர்ட்டு ஆள் வந்தார், இன்ஸ்பெக்டரும் வந்தார். ஷெல்டன் காதில் பஞ்சும் விரலில் கட்டுமாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைக் கோர்ட்டு ஆளிடம் காட்டினான். பிளக்கை நான்தான் மாட்டினேன். கோர்ட்டு ஆள் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் போட்டோ வந்தது. மோட்சராக்கினி அதைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே அவள் மாப்பிள்ளை எழுதியிருந்த வரியை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அப்புறம் ஷெல்டன் தலையில் கை வைத்தாள். அவனுக்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை போல. "என்ன?" என்றான். அவள் திரும்பச் சொல்லவில்லை.

முதலாளியைப் பிடிக்க டவுனுக்கு வேறு ஜீப் போயிருந்தது. வண்டிமலையைக் கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து யார்டுக்குக் கூட்டிவந்து, எந்த இடத்தில் அடித்தாய் என்று கேட்டார்கள். கிரேன் பக்கம் காட்டினான். நான் கழுவின இடம்தான்.

எல்லாம் எழுதி முடித்து, பெட்டியைத் துணியில் சுற்றி அரக்கு வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரும் கோர்ட்டு ஆளும் உள்ளே இருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்களும் நானும் தள்ளினோம். போதவில்லை. வண்டிமலையை இறக்கிவிட்டுத் தோளால் தள்ளச் சொன்னார்கள். தள்ளினான். ஜீப் ஸ்டார்ட் ஆனது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று டிரைவர் நிறுத்தவில்லை. பைபாஸ் ஏறிப் போய்விட்டது. போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் அதன் பின்னால் ஓடினார்கள்.

வண்டிமலை என் பக்கத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"இப்பம் நான் என்னக்கா செய்யணும்?" என்றான்.

போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகிற பஸ் வரும், பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னேன்.